மாப்பிள்ளை தூங்கட்டும்

அந்த ஆய்வுக்கூடத்து மேசைமேல் இரண்டு பிராசசர் சிப்புகள் இருந்தன. ஒன்றுக்கு மருமகள் என்று பெயர், மற்றதற்கு மாப்பிள்ளை. செய்து அனுப்பிய கம்பெனிகள் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஏதேதோ பெயர் வைத்திருந்தன. அதெல்லாம் யார் வாயில் நுழையும்? மருமகள் கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டு நாள் முழுக்க உழைப்பாள், ஆனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். மாப்பிள்ளை கண் மூடித் திறப்பதற்குள் வேலையை முடித்துவிடுவார், ஆனால் அவருக்கு ஆக்கிப்போட்டுக் கட்டுப்படியாகாது. இப்படிப் பெயர் வைத்தது யார் என்று கேட்டால் அங்கே வேலை பார்த்த நாலு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

இரண்டையும் எடை போட்டுச் சொல்லும் பொறுப்பு தராசிடம் இருந்தது. தராசு என்பது அந்தப் பெண்ணின் பட்டப்பெயர். வயது முப்பத்தெட்டு. மின்சாரம் அளப்பது தொழில். ஒரு பிஸ்கட்டை இரண்டாகப் பிட்டாலும் தூள் கூட ஒரு பக்கம் அதிகமாக விழாது. வீட்டில் பிள்ளைகளுக்குத் திட்டு விழுந்தால்கூட இரண்டு பேருக்கும் சமமாகத்தான் விழும். மருமகளையும் மாப்பிள்ளையையும் அவள் அப்படித்தான் நடத்தினாள். ஒரே மேசை, ஒரே மாதிரி பேட்டரி, ஒரே கேபிள். அறையின் சூடுகூடப் பாதி டிகிரி கூடக்குறைய விடமாட்டாள்.

இந்த முறை மட்டும் ஒரு வித்தியாசம் இருந்தது. எடை போட்ட பொருள் வேறு யாருக்கோ அல்ல, அவளுடைய சொந்த அண்ணனுக்கு.

அண்ணன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். கையில் கம்பியில்லா மைக்கோடு எட்டு நடைமேடைகளிலும் நடந்துகொண்டே இருப்பார். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது எப்போது கிளம்பும் என்று சொல்வதுதான் வேலை. சொன்ன விதம் மட்டும் அவருடையது. "மூணாம் நடைமேடைல நிக்கிற வண்டி கிளம்பத் தயாரா இருக்கு. டிரைவர்தான் இன்னும் தயாரா இல்ல, டீ ஆறட்டும்னு பாத்துக்கிட்டிருக்காரு" என்பார். அரை மணி நேரமாகக் கால் கடுக்க நின்றவன், வாயில் வந்த வசவை விழுங்கிவிட்டுச் சிரித்துவிடுவான். கோபமாக இருக்கும் முந்நூறு பேரை ஒரே வாக்கியத்தில் சிரிக்கவைக்கிற வித்தை எத்தனை பேருக்குக் கைவரும்? தராசு சின்ன வயதிலிருந்து அண்ணனைப் பார்த்து வாயைப் பிளந்தவள். அந்த வாய் இன்னும் மூடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் அவர் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆளைக் காப்பாற்றியாயிற்று, குரல் போயிற்று.

அறுவை சிகிச்சை செய்த டாக்டரம்மாதான் இந்த ஆய்வுக்கூடத்தையும் நடத்திவந்தார். கழுத்தில் கட்டிக்கொள்ளும் ஒரு பட்டை செய்துகொண்டிருந்தார்கள். வாயசைத்தால் போதும், தசைகளின் அசைவைப் பட்டை படித்துக்கொள்ளும். உள்ளேயிருக்கும் சிப் அதைச் சொல்லாக மாற்றும். சட்டைப்பையில் இருக்கும் சின்ன ஒலிபெருக்கி பேசும். டாக்டரம்மா, அளப்பதற்குத் தராசு, பட்டை தைக்க ஒரு அக்கா, நாலாவதாகச் சிக்கனம் என்று பட்டம் வாங்கியவர். இவர் புரோகிராம் எழுதுகிறவர். தண்ணீர் குடிக்க எழுந்து போனாலும் ஃபேனை அணைத்துவிட்டுப் போவார், திரும்பி வந்து போட்டுக்கொள்வார். மருமகளைக் கண்டுபிடித்து வந்தது அவர்தான். ஒன்றரை வருடம் அவளைச் சுற்றியே அத்தனையையும் எழுதியிருந்தார்.

அண்ணனுக்கு ஒரு அதிர்ஷ்டம், இருபத்திரண்டு வருட அறிவிப்புகளின் பதிவு நிலையத்தில் பத்திரமாக இருந்தது. அதை வைத்து அவருடைய சொந்தக் குரலையே பட்டைக்குள் ஏற்றிவிட்டார்கள். ஒரே ஒரு சங்கடம்தான், அந்தக் குரலுக்கு அறிவிப்பைத் தவிர வேறு பழக்கமில்லை.

"என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாக்கூட ஏதோ ஆறாம் நடைமேடைக்கு வரச் சொல்ற மாதிரியே இருக்கு" என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு கேட்கிற குரல், எப்படிக் கூப்பிட்டால் என்ன?

நிலைய மேலாளரிடமிருந்து கடிதம் வந்தது அதற்குப் பிறகுதான். வருகிற திங்கட்கிழமை காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை ஒரு ஷிப்ட் முழுக்க அண்ணன் மைக் பிடித்துக் காட்ட வேண்டும். முடிந்தால் மைக் மறுபடி அவருக்கு. முடியாவிட்டால் தொலைந்த பொருள் அறையில் உட்கார வேண்டும், ஓய்வு பெறுகிற வரைக்கும். ஒற்றைச் செருப்பு, மறந்துவைத்த குடை, யாரும் தேடி வராத பை, இவற்றுக்கெல்லாம் காவல். அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டினார்: 'நல்லதுதான். என் குரலும் அங்கதான் கிடக்கும், தேடி எடுத்துக்கிறேன்.' யாரும் சிரிக்கவில்லை. அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

சிக்கல் இதுதான். மேசைமேலிருந்த மருமகளின் இரட்டை ஒருத்தியைத்தான் பட்டைக்குள் ஏற்றியிருந்தார்கள். மருமகள் சொல்லைத் தயார் செய்ய கிட்டத்தட்ட அரை நொடி எடுத்துக்கொண்டாள். அரை நொடி என்ன பெரிய நேரம் என்று தோன்றும். பேசிப் பார்த்தால்தான் தெரியும். தான் பேசியதே பின்னாலிருந்து வந்து காதில் விழும்போது நாக்கு குழறிவிடுகிறது. "ஆறாம்... ஆறாம் நடை... நடைமேடை" என்று அண்ணன் திணறினார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சொல் தவறாதவர், தன் குரலே தன் காலைத் தட்டிவிட்டதைப்போல நின்றார். அதைவிட மோசம், நகைச்சுவை. தராசின் மகன் பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றி அவர் ஏதோ சொன்னார். அது வெளியே வந்தபோது எல்லோரும் அடுத்த பேச்சுக்குப் போயிருந்தார்கள். அரை நொடி தாமதமாக வந்த சிரிப்புக்கு அங்கே உட்கார இடம் இல்லை. அன்றைக்கு முழுக்க அவர் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை வேறு ரகம். அவரை இன்னும் பட்டைக்குள் ஏற்றவில்லை, மேசைமேல் ஒரு சர்க்யூட் போர்டில்தான் குந்தியிருந்தார். அண்ணனை அருகில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஒயர்களை இணைத்துப் பேசச் சொன்னார்கள். உதடு அசைந்தது, அந்தக் கணமே குரல் வந்தது.

"என்ன எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க? நான் என்ன லேட்டா வந்த பஸ்ஸா?" என்றார் அண்ணன்.

நாலு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள், சிரித்த கையோடு நாலு பேரும் அழுதார்கள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கெட்டிக்காரத்தனம் என்றால் அது கெட்டிக்காரத்தனம். பெருவிரல் நகத்தளவு ஒரு சில்லு, ஒரு மனிதனின் உதட்டுக்கும் ஊராரின் காதுக்கும் நடுவில் இருந்த அரை நொடியை ஒன்றுமில்லாமல் செய்துவிட்டது.

ஆனால் சாப்பாடு? தராசு, பட்டை முன்பே பதிந்துவைத்திருந்த அண்ணனின் வாயசைவுகளைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு இரண்டையும் அளந்தாள். மருமகள் இழுக்கிற மின்சாரம் ஐம்பத்து நாலு மில்லியாம்ப், பேட்டரி பதினோரு மணி நேரம் தாங்கும். மாப்பிள்ளை நூற்று அறுபது, மூணே முக்கால் மணி நேரம். காலை ஆறுக்கு ஆரம்பித்தால் பத்து மணிக்குள் ஆள் ஊமை. பெரிய பேட்டரி போடலாமென்றால், ஆறின தழும்பின் மேல் நூறு கிராமுக்கு மேல் எடை தொங்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நடுவில் மாற்றலாமென்றால், வியர்வை இறங்காமலிருக்கப் பட்டையை மூடித் தைத்திருந்தார்கள். கழுத்தில் கட்டியிருக்கும்போது சார்ஜ் போடவே கூடாது.

புதன்கிழமை தராசு அறிக்கையை வாசித்தாள். வேகத்தில் மாப்பிள்ளை, சிக்கனத்தில் மருமகள், இருவரில் எவரும் எட்டு மணி நேர அறிவிப்பு வேலைக்கு உதவமாட்டார்கள். கடைசி வரியை வாசிக்கும்போது அவள் குரலே அரை நொடி பின்தங்கியது. அண்ணனைத் தொலைந்த பொருள் அறைக்கு அனுப்புகிற காகிதத்தைத் தன் கையாலேயே அச்சிட்டு, ஓரத்தில் தேதியும் போட்டிருந்தாள். வேறு யாராவது அளந்திருந்தால் அளந்தவன்மேல் ஆத்திரப்பட்டாவது மனசை ஆற்றிக்கொள்ளலாம்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணியாகணும்" என்றார் டாக்டரம்மா. "அதுக்கு மேல பட்டையத் தைக்க நேரம் இருக்காது. வேற வழியில்லன்னா மருமகளோடயே அனுப்புவோம். திணறினாலும் பரவால்ல."

"திணறுறதுக்கு அவர் ஒத்துக்க மாட்டார்ம்மா. வாயே திறக்காம உக்காந்துடுவார்" என்றாள் தராசு.

தன்னுடைய மருமகள்தான் தேறினாள் என்று சிக்கனம் சந்தோஷப்பட்டிருக்கலாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்.

வியாழக்கிழமை மதியம் அண்ணன் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தார். மருமகள் பட்டையைக் கட்டிக்கொண்டு, தாமதத்தோடு பேசிப் பழகிப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை. இரண்டு மணி நேரம் போராடிவிட்டு, சாப்பிட்டபின் மூலையிலிருந்த சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினார்.

தராசுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பட்டை கழுத்தை உறுத்துகிறதோ என்று ஒருமுறை வந்து பார்த்தாள். கால் மணி கழித்து, மூச்சு சீராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். மூன்றாவது முறை வந்தபோது அவர் கண் திறந்திருந்தது. உதடுகள் அசைந்தன. ஒன்றுமில்லை என்று கையாட்டிவிட்டு அவள் திரும்பி இரண்டு எட்டு வைத்துவிட்டாள். அப்புறம்தான் குரல் முதுகில் வந்து விழுந்தது.

"நீ பாத்துக்கிட்டே இருந்தா எவனுக்குடி தூக்கம் வரும்?"

அவள் நின்றாள். அண்ணன் விடவில்லை, குழறிக் குழறித் தொடர்ந்தார். "ஆஸ்பத்திரிலயும் இதான். தூங்கிட்டியான்னு... தூங்கிட்டியான்னு டார்ச் அடிச்சு எழுப்பிக் கேட்டவ நீ."

உண்மைதான். ஆறு நாள் அந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தூங்குகிறாரா என்று சோதித்துச் சோதித்தே தூங்கவிடாமல் அடித்தவள் அவள். நர்ஸ் கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பினாள். தராசுக்கு முதலில் சுருக்கென்று கோபம்தான் வந்தது. உனக்காகத்தானே இத்தனையும் என்று வாய்வரை வந்துவிட்டது. விருட்டென்று போய் மேசை முன்னால் உட்கார்ந்தாள். எதிரே மாப்பிள்ளை. அவர் தலையில் செருகியிருந்தது சாம்பல் நிறக் கேபிள்.

டீபக் கேபிள் என்பார்கள். சிப்புக்குள் என்ன நடக்கிறது, எந்த வேலை எத்தனை மைக்ரோ நொடி எடுக்கிறது என்று வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பதற்கானது. அது இல்லாவிட்டால் வேகத்தை அளக்க முடியாது. அதனால் இரண்டுக்கும் ஒரே மாதிரி, முதல் நாளிலிருந்து, ஒரு நிமிடம்கூடக் கழற்றாமல் செருகியே வைத்திருந்தாள்.

எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் இதற்கும் தூக்கம் வராதோ? அலமாரியைத் திறந்து மாப்பிள்ளையின் கையேட்டை எடுத்தாள். எழுநூற்றுச் சொச்சம் பக்கம். அறுநூற்றுப் பதினோராம் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரி: டீபக் இணைப்பு இருக்கும் வரை சிப் ஆழ்ந்த உறக்கத்துக்குச் செல்லாது.

இந்தத் தொழிலில் இருக்கிற எவரும் படித்த வரிதான், படித்த சூட்டோடு மறந்த வரியும்தான். யாராவது எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எந்த நேரம் என்ன கேட்பார்களோ என்று சிப் கண்ணைத் திறந்துகொண்டே கிடக்கிறது. நூறு பங்கில் பதினைந்து பங்கு நேரத்தில் வேலையை முடித்துவிட்டு, மீதி எண்பத்தைந்து பங்கும் சும்மா விழித்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார் மாப்பிள்ளை. சாப்பாட்டு ராமன் என்று அவருக்குப் பட்டம் வேறு கட்டியாயிற்று. அவரைத் தூங்கவிடாமல் பிடித்துவைத்திருந்தது யார்?

தராசு எழுந்தாள். புரோகிராமை ஓடவிட்டு, அண்ணனின் வாயசைவுப் பதிவை ஆரம்பித்து, சாம்பல் நிறக் கேபிளின் தலையைப் பிடித்து மெல்ல உருவினாள். பேட்டரி ஒயரில் மாட்டியிருந்த மீட்டரில் எண் நூற்று அறுபதிலிருந்து விழுந்தது. எண்பது, அறுபது, ஐம்பது. நாற்பத்தாறில் நின்றது.

அதே நேரம் சிக்கனம் உள்ளே வந்தார். எண்ணைப் பார்த்தார். "என்ன, செத்துப்போச்சா?"

"இருங்க" என்று ஒலிபெருக்கியின் ஒலியைக் கூட்டினாள். அண்ணனின் குரல் கணீரென்று, ஒரு சொல்லும் பின்தங்காமல், எட்டாம் நடைமேடை வண்டியை அறிவித்துக்கொண்டிருந்தது. "சாகல. தூங்குது. தூங்கித் தூங்கி எழுந்து வேலை செய்யுது."

மீட்டரைக் கம்ப்யூட்டரோடு இணைத்துக் கோடு வரைய விட்டார்கள். இரண்டு பேரும் திரைக்கு அருகில் குனிந்தார்கள். கோடு சட்டென்று மேலே எழும்பும், எழும்பிய வேகத்தில் தரைக்கு இறங்கும், அப்படியே படுத்துக்கிடக்கும். மறுபடி எழும்பும். ஒரு நொடிக்குள் ஐம்பது தடவை எழுந்து ஐம்பது தடவை படுத்துக்கொண்டது அந்தச் சில்லு. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவிலுள்ள சந்தில் ஒரு குட்டித் தூக்கம், அண்ணன் மூச்சு வாங்குகிற இடத்தில் கொஞ்சம் நீளமான தூக்கம். மனிதன் பேசும்போது இத்தனை மௌனம் இருக்கிறதா? எங்கேயோ, முகம் தெரியாத யாரோ பத்துப் பேர் வருடக்கணக்காக உட்கார்ந்து, இந்தத் துணுக்குக்குத் தூங்கவும் ஒரு துளி தாமதம் இல்லாமல் எழவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் எதிரே வந்தால் காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது தராசுக்கு.

"மருமகளோட கேபிளையும் கழட்டிப் பாருங்க" என்றார் சிக்கனம் மெதுவாக. "நியாயம்னா ரெண்டு பேருக்கும்தான்."

அவளுடைய கேபிளையும் உருவினாள். ஐம்பத்து நாலு. ஐம்பத்து நாலாகவே இருந்தது. அவளுக்குத் தூங்க நேரமே கிடையாது. ஒரு துண்டு ஒலியை முடிப்பதற்குள் அடுத்த துண்டு வந்து நிற்கும். பாவம், முதல் நொடியிலிருந்து கடைசி நொடிவரை நிமிர்ந்து பார்க்காமல் வேலை செய்துகொண்டிருந்தாள். கேபிள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அதனால்தான் ஒரே கேபிளை இரண்டுக்கும் செருகியது நியாயம்போலத் தெரிந்தது. தன் ஆயுளில் இத்தனை சமமாக எதையும் அளந்ததில்லை, இத்தனை தப்பாகவும் அளந்ததில்லை என்று தராசு நினைத்துக்கொண்டாள்.

சிக்கனம் அந்த இரண்டு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கழித்துப் பார்த்தார். ஒன்றரை வருட உழைப்பு அந்த எட்டு மில்லியாம்ப் வித்தியாசத்தில் போய்விட்டது. அவர் முகத்தைப் பார்க்கத் தராசுக்குத் தைரியம் வரவில்லை.

"கொஞ்சமா சாப்பிட்டு ஓயாம உழைக்கிறதுதான் சிக்கனம்னு நான் இத்தனை நாள் நினைச்சிட்டேன்" என்றார் கடைசியில். "சரி, தள்ளுங்க. ஞாயிறு மத்தியானத்துக்குள்ள பட்டைக்குள்ள ஏத்தியாகணும்."

"நீங்க எழுதினது அத்தனையும்..."

"நான் எழுதினது அத்தனையும் மருமகளுக்காக எழுதலீங்க. குரல் இல்லாதவங்களுக்காக எழுதினேன்." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அன்று அவர் ஃபேனை அணைக்க மறந்ததை அந்த ஆய்வுக்கூடமே இன்றுவரை சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறது.

ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்குத் தையல் அக்கா கடைசித் தையலைப் போட்டு, பல்லால் கடித்து நூலை அறுத்தாள். அண்ணன் பட்டையைக் கட்டிக்கொண்டார். ஆறு மணி வரை பேசித் தீர்த்தார். அண்ணியைப் பேரைச் சொல்லி நாற்பது தடவையாவது கூப்பிட்டிருப்பார், ஆறாம் நடைமேடைக்கு வரச் சொல்கிற அதே குரலில். நாலரை மணி நேரம் தாங்கியாயிற்று. எட்டு மணி நேரம் தாங்குமா? கணக்குப்படி பதின்மூன்று தாங்க வேண்டும். ஆனால் தராசு கணக்கை நம்பி ஒருமுறை சூடு பட்டவள். நாளைக்கு நானும் வந்து கூடவே நிற்கிறேன், பேட்டரியை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

"வந்தே, கொன்னுடுவேன்" என்றார் அண்ணன். "யாரும் வரக் கூடாது. நீ வரவே கூடாது. நீ பாத்தா அதுவும் தூங்காது, நானும் தூங்க மாட்டேன்."

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் தராசு அளக்க உட்கார்ந்தாள். எதை அளந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒன்பதே முக்கால் ஆனபோது எழுந்து நின்றுவிட்டாள், மூணே முக்கால் மணி நேரம் முடிகிற நேரம் அது. போன் வரவில்லை. நல்ல சேதியாகவும் இருக்கலாம், பேச முடியாமல்கூடப் போயிருக்கலாம். பதினொன்றரை வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், அதற்குமேல் முடியாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் பேருந்து நிலையத்தில் இறங்கியபோதே காதில் விழுந்தது. அண்ணன் குரல். கூரையெல்லாம் நிறைந்து, பழையபடி.  அவர் கண்ணில் படாமல் ஐந்தாம் நடைமேடைக்குப் போய் ஒரு தூணின் பின்னால் நின்றுகொண்டாள். பழக்கடைக்காரர் இரண்டு முறை என்னம்மா வேணும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றாள், கண்ணில் நீர் வடிய. அவர் பயந்துபோய் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

ஒரு மணி. ஒன்றரை. அவள் மனதுக்குள் மில்லியாம்புகளைக் கழித்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்று ஐம்பதுக்குக் குரல் நின்றது.

நாலாம் நடைமேடை வண்டி எஞ்சின் போட்டுவிட்டது. அறிவிப்பு வரவில்லை. ஒரு நிமிடம் ஆனது. கண்டக்டர் இரண்டு தடவை விசில் ஊதினார். நடைமேடைக் கோடியில் அண்ணன் மைக்கைப் பிடித்தபடி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். பக்கத்தில் நிலைய மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரலில் ஒரு சாவிக் கொத்து தொங்கியது. தொலைந்த பொருள் அறைச் சாவியாகத்தான் இருக்க வேண்டும். தராசு தூணை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாற்பத்தாறு என்று தான் பார்த்ததும் பொய்யா? பத்து நிமிடம், இன்னும் பத்தே நிமிடம் தாங்கியிருக்கக் கூடாதா? ஓடிப்போய் அண்ணன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கால் துடித்தது. அது தூங்குகிறது, தூங்கட்டும், பார்க்காதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றது கூரை.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"ஐந்தாம் நடைமேடையில், மூன்றாவது தூணுக்குப் பின்னால், வரக் கூடாது என்று சொல்லியும் வந்து நிற்கும் ஒரு தங்கை கண்டெடுக்கப்பட்டிருக்கிறார். உரியவர்கள் தொலைந்த பொருள் அறைக்கு வந்து அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்."

நிலையமே திரும்பி மூன்றாவது தூணைப் பார்த்தது. பழக்கடைக்காரர் ஸ்டூலைக் காட்டி, இதோ இங்கேதான் என்பதுபோலக் கை நீட்டினார். தராசு முகம் சிவந்து வெளியே வந்தாள்.

"நான் இப்பத்தான் வந்தேன்!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

அவள் வாய் மூடவில்லை, பதில் வந்துவிட்டது. "பன்னிரண்டு மணி வண்டியில் இறங்கிய அவர், இப்போதுதான் வந்ததாகத் தெரிவிக்கிறார்."

எட்டு நடைமேடைகளும் ஒன்றாகச் சிரித்தன. மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார். நாலாம் நடைமேடை டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். சிரிக்க வேண்டிய இடத்தில், சிரிக்க வேண்டிய நேரத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. தராசு ஒன்பது மாதமாகக் கேட்காத சத்தம் அது. அவள் நடுநடைமேடையில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதாள்.

பக்கத்தில் போனபோது மேலாளர் சாவிக் கொத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "இவருக்கு இது வேணாம்மா, வேற யாருக்காவது குடுத்துக்கிறேன்" என்றார். "நீங்க தூணுக்குப் பின்னால நிக்கிறதப் பன்னெண்டு மணிலேர்ந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சிட்டிருந்தாரு."

"அப்ப எதுக்கு அண்ணா ரெண்டு நிமிஷம் பேசாம நின்னே? என் உயிரே போயிடுச்சு."

அண்ணன் உதடு அசைந்தது, குரல் அந்தக் கணமே வந்தது. "நல்ல ஜோக்குக்கு முன்னாடி கொஞ்சம் சும்மா இருக்கணும்டி."

அண்ணன் மைக்கை உயர்த்தி நாலாம் நடைமேடை வண்டியைக் கிளப்பிவிட்டார். பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று தராசு கேட்கவில்லை. பழக்கடைக்காரரின் ஸ்டூலை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு, அண்ணனைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பினாள்.